ஜிப் பிராசசரில் எது ஓடும், எது ஓடாது?

மெயின்ஃபிரேம் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. ஐபிஎம்மின் பெரிய கணினியான மெயின்ஃபிரேமில் இருக்கும், எழுதும்போது இஸட் ஐ ஐ பி, பேசும்போது ஜிப் என்று நாம் சொல்கிற அந்தத் தனி பிராசசரில் எந்த வேலை போகும், எந்த வேலை போகாது என்பதுதான் கேள்வி. 26 வருடம் சிஸ்டம்ஸ் புரோகிராமராக இருந்தவள் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் கெப்பாசிட்டி பிளானிங்தான் பார்த்தேன். இந்தக் கேள்வியோடுதான் தினமும் இரவு ஷிஃப்ட் தொடங்கும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் ஜிப்புக்கே ஒதுக்கிவிட்டேன்.

மேடம், மெயின்ஃபிரேம் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நான் எழுதும் கோபோல் புரோகிராம் ஜிப்பில் ஓடுமா? ஓடாது என்றால் ஏன்? கம்பைலர் ஆப்ஷன் எதையாவது மாற்றினால் ஓடுமா?
— பயிற்சி மாணவர், திருநெல்வேலி

ஓடாது. ஆனால் அதற்குக் காரணம் கோபோல் என்ற மொழி இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கல்யாண சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரருக்கு இலைக் கணக்கில் கூலி. இலை கூடினால் கூலியும் கூடும். காய் நறுக்க வந்தவருக்கு ஒரே தொகை பேசியாயிற்று. அவர் எவ்வளவு நறுக்கினாலும் அதே தொகைதான். ஆனால் அடுப்புப் பக்கம் அவர் வரமாட்டார், அதுதான் ஒப்பந்தம். மெயின்ஃபிரேமில் பொது பிராசசர்தான் தலைமைச் சமையல்காரர். அதில் ஓடும் வேலையைக் கணக்கிட்டு எம்எஸ்யூ என்ற பிராசசர் உபயோக அளவில் மாதாமாதம் மென்பொருள் கட்டணம் வருகிறது. ஜிப்பை ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிறோம். அதில் ஓடும் வேலை அந்த மென்பொருள் கட்டணத்தில் சேராது. இன்னொன்றும் உண்டு. குறைந்த வேகத்துக்குக் கட்டுப்படுத்தி வாங்கிய மெஷினில்கூட ஜிப் மட்டும் முழு வேகத்தில்தான் ஓடும்.

சரி, காய் எது, அடுப்பு வேலை எது என்று சிஸ்டம் எப்படிப் பிரிக்கிறது? மெயின்ஃபிரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இஸட் ஓஎஸ்ஸில் பிராசசருக்கு அனுப்பப்படும் வேலை இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று டாஸ்க் கன்ட்ரோல் பிளாக், சுருக்கமாக டாஸ்க். மற்றது சர்வீஸ் ரிக்வெஸ்ட் பிளாக், அதாவது எஸ்ஆர்பி. ஜேசிஎல் என்ற கட்டளை மொழியில் எழுதி நீங்கள் மொத்தமாக ஓடவிடும் பேட்ச், சிஐசிஎஸ்ஸில் ஓடும் ஆன்லைன் புரோகிராம், ஐஎம்எஸ் டிரான்ஸாக்‌ஷன் எல்லாமே டாஸ்க்காக ஓடுகின்றன. 2006-இல் வந்த ஜிப், ஒரு கோரிக்கைக்கான வேலைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் என்கிளேவ் என்ற கூட்டுக்குள் ஓடும் எஸ்ஆர்பிக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதோடு, அந்த எஸ்ஆர்பியை உருவாக்கும் மென்பொருள் ‘இதில் இத்தனை பங்கு ஜிப்புக்குப் போகலாம்’ என்று சிஸ்டத்திடம் சொல்லவும் வேண்டும். சாதாரண கோபோல் புரோகிராமரால் அப்படி ஒரு எஸ்ஆர்பியை உருவாக்க முடியாது. அது டேட்டாபேஸான டிபி2, நெட்வொர்க்கைக் கவனிக்கும் டிசிபி ஐபி போன்ற சிஸ்டம் மென்பொருள்கள் உள்ளே செய்துகொள்ளும் காரியம். எனவே இனி ‘என்ன மொழியில் எழுதியது’ என்று கேட்காமல், ‘டாஸ்க்காக ஓடுகிறதா, என்கிளேவ் எஸ்ஆர்பியாக ஓடுகிறதா’ என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லா பதிலும் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

கம்பைலர் ஆப்ஷன் பற்றிக் கேட்டீர்களே, அதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. உங்கள் கோபோலில் எக்ஸ்எம்எல் பார்ஸ் ஸ்டேட்மென்ட் இருந்து, எக்ஸ்எம்எல்எஸ்எஸ் என்ற பார்சரைத் தேர்ந்தெடுத்துக் கம்பைல் செய்தால், அந்தப் பிரித்துப் படிக்கும் வேலையை இஸட் ஓஎஸ்ஸின் எக்ஸ்எம்எல் சிஸ்டம் சர்வீஸஸ் செய்யும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் தகுதி உண்டு. சுற்றியிருக்கும் உங்கள் லாஜிக் பொது பிராசசரில்தான்.

நான் டிபி2 அட்மினாக வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையன்ட் ‘டிபி2 வேலை எல்லாம் ஜிப்பில் போகும்தானே’ என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்கிறார். எது போகும், எது போகாது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.
— சோழிங்கநல்லூர் வாசகி

‘எல்லாம்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எடுப்பதுதான் முதல் வேலை. ஒரே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), ஒரே டேபிள். அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

வெளியே உள்ள சர்வரிலிருந்து நெட்வொர்க் மூலம், டிஆர்டிஏ நெறிமுறையில் வரும் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் செயலி, இணைய வங்கி, ரிப்போர்ட் கருவிகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. இதை டிபி2 என்கிளேவ் எஸ்ஆர்பியாக ஓட்டுகிறது. எனவே தகுதி உண்டு. ஆனால் முழுவதும் இல்லை, சுமார் 60 சதவீதம். மீதி 40 பொது பிராசசரில்தான் ஓடும். இது ஐபிஎம் வைத்த அளவு, நாம் மாற்ற முடியாது. இனி அதே எஸ்க்யூஎல்லை ஒரு சிஐசிஎஸ் புரோகிராமுக்குள்ளிருந்தோ, இரவு பேட்ச்சிலிருந்தோ கூப்பிடுங்கள். அது அந்த டாஸ்க்கின் மேலேயே ஓடும், டாஸ்க்கில் ஓடும் அந்தப் பகுதி ஜிப்புக்குப் போகாது.

டிபி2 வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் புரோகிராமான ஸ்டோர்டு புரொசீஜரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். என்னிடம் வந்த ஒரு குழு, கோபோலில் எழுதிய 40 புரொசீஜர்களை வைத்திருந்தது. வெளியிலிருந்து டிஆர்டிஏவில் கூப்பிட்டும் ஜிப்பில் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். கோபோல் புரொசீஜர், வேலைகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் டபிள்யூஎல்எம் நிர்வகிக்கும் தனி அட்ரஸ் ஸ்பேஸில் (தனி நினைவகப் பகுதியில்), டாஸ்க்காக ஓடுகிறது. அதனால் போகாது. டிபி2 9-லிருந்து வந்த நேட்டிவ் எஸ்க்யூஎல் புரொசீஜர், அதைக் கூப்பிட்டவரின் மேலேயே ஓடும். கூப்பிட்டவர் டிஆர்டிஏ என்கிளேவ் என்றால் அதே 60 சதவீதத் தகுதி அதற்கும் கிடைக்கும். அதே நேட்டிவ் புரொசீஜரை சிஐசிஎஸ் கூப்பிட்டால் கிடைக்காது. அந்தக் குழு முதலில் ஆறு புரொசீஜரை மட்டும் நேட்டிவ் எஸ்க்யூஎல்லுக்கு மாற்றியது. அதிகம் கூப்பிடப்படும் ஆறு எது என்று அக்கவுண்டிங் ரெக்கார்டைப் பார்த்து எடுத்தார்கள். 40-ஐயும் ஒரேயடியாக மாற்றக் கிளம்பாமல் இருந்தது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து டிபி2வின் பராமரிப்பு வேலைகளான யூட்டிலிட்டிகள். டேபிளை நிரப்பும் லோட், ஒழுங்குபடுத்தும் ரீஆர்க், ரீபில்ட் இண்டெக்ஸ் மூன்றிலும் இண்டெக்ஸ் கட்டும் பகுதிக்கு ஆரம்பத்திலிருந்தே தகுதி உண்டு. 2016-இல் வந்த டிபி2 12-இல் லோட், ரீஆர்க் இரண்டின் ரீலோட் கட்டமும் சேர்ந்தது. டேபிளின் புள்ளிவிவரம் எடுக்கும் ரன்ஸ்டாட்ஸிலும் நல்ல பங்கு போகும். ஆனால் டேட்டாவை வரிசைப்படுத்தும் டிஎஃப்சார்ட்டைப் பற்றி உங்கள் கிளையன்டிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டிபி2 யூட்டிலிட்டி கூப்பிடும்போதுதான் அதில் ஒரு பகுதிக்குத் தகுதி. உங்கள் ஜேசிஎல்லில் தனியாக ஒரு சார்ட் ஸ்டெப் போட்டால் கிடையாது.

அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று. டிபி2 10-லிருந்து, பக்கங்களை முன்கூட்டியே படித்து வைக்கும் ப்ரீஃபெட்ச், மாறிய பக்கங்களைப் பிறகு எழுதும் டெஃபர்டு ரைட் ஆகிய இரண்டும் 100 சதவீதம் தகுதி பெற்றன. இவை யார் கூப்பிட்டாலும் டிபி2வின் சொந்த எஸ்ஆர்பியில் ஓடுபவை. அதனால் உங்கள் பழைய பேட்ச்கூட மறைமுகமாக ஜிப்பை நம்பித்தான் ஓடுகிறது. பெரிய டேபிளை முழுக்கப் படிக்கும் பேட்ச் என்றால் அதன் ப்ரீஃபெட்ச் ஜிப்பில்தான். ஜிப்பில் நெரிசல் என்றால் அந்த பேட்ச்சும் காத்திருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், கீழே ஒரு பதிலில் இதற்குத் திரும்பவும் வருவேன்.

பெரிய கேள்விகளைப் பல துண்டாக்கி ஓட்டும் பேரலல் குவெரியின் கிளை வேலைகளும் தகுதி உள்ளவை. இவ்வளவையும் ஒரே தாளில், வாசல் வாரியாக எழுதிக் கிளையன்டிடம் கொடுங்கள்.

எங்கள் ஜாவா அப்ளிகேஷன் டிபி2 இருக்கும் அதே எல்பாரில் (மெஷினைப் பிரித்த ஒரு பகுதியில்) ஓடுகிறது. டைப் 2 டிரைவரிலிருந்து டைப் 4-க்கு மாறினால் ஜிப் உபயோகம் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— ஜாவா டெவலப்பர், கோவை

உண்மை, ஆனால் இதை நீங்கள் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜாவா ஒரு விதிவிலக்கு. அது டாஸ்க்காகவே ஓடினாலும், ஜாவா கோடுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதை ஓட்டும் ஜேவிஎம், சிஸ்டத்திடம் சொல்லிவிடுகிறது. 2004-இல் இதற்கென்றே ஜாப் என்ற வேறு பிராசசரை ஐபிஎம் கொண்டுவந்தது. 2009-இல் இஸட் ஓஎஸ் 1.11 வந்தபோது அந்த வேலையை ஜிப்பிலேயே ஓட்ட வழி வந்தது. 2015-இல் வந்த இஸட்13 மெஷினில் ஜாப்பே இல்லை. இன்று ஜாவா முழுக்க ஜிப்பின் பொறுப்பு. ஆனால் ஜாவாவிலிருந்து, வேறு மொழிக் கோடைக் கூப்பிடும் ஜேஎன்ஐ வழியாக ஒரு கோபோல் ரொட்டீனைக் கூப்பிட்டால், அந்த நிமிடமே பொது பிராசசருக்குத் தாவும்.

இப்போது உங்கள் கேள்வி. டைப் 2 டிரைவர் டிபி2வை அதே எல்பாருக்குள் நேராகக் கூப்பிடும். எஸ்க்யூஎல் உங்கள் டாஸ்க்கிலேயே ஓடும். ஜாவா பகுதி ஜிப்பில், எஸ்க்யூஎல் பொது பிராசசரில். டைப் 4 அதே எல்பாருக்குள்ளேயே நெட்வொர்க் வழியாகச் சுற்றி, டிஆர்டிஏவாகப் போகும். எஸ்க்யூஎல்லில் 60 சதவீதம் ஜிப்புக்குத் தகுதி பெறும். ஆனால் சுற்றிப் போவதால் மொத்த வேலை கூடும், பதில் வரும் நேரமும் கொஞ்சம் கூடும். சின்னச் சின்ன எஸ்க்யூஎல்லை ஆயிரக்கணக்கில் விடும் அப்ளிகேஷன் என்றால், அந்தச் சுற்றுச் செலவே கிடைத்த லாபத்தை விழுங்கிவிடும். கனமான எஸ்க்யூஎல் சிலவற்றை மட்டும் விடுகிறது என்றால் டைப் 4 பலன் தரும். ஒரு வாரம் டைப் 2, ஒரு வாரம் டைப் 4, அதே கிழமை அதே மணி. பொது பிராசசர் செகண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

லினக்ஸ் கன்டெய்னரை இஸட் ஓஎஸ்ஸில் ஓட்டலாம் என்கிறார்கள். அது ஐஎஃப்எல்லில் ஓடுமா, ஜிப்பிலா?
— வாசகர், மதுரை

ஜிப்பில். ஐஎஃப்எல் என்ற தனி பிராசசர் லினக்ஸுக்கும், பல சிஸ்டங்களை ஒரே மெஷினில் ஓட்டும் இஸட்/விஎம்முக்கும் மட்டுமே, அதில் இஸட் ஓஎஸ் ஏறவே ஏறாது. நீங்கள் சொல்வது 2019-இல் இஸட் ஓஎஸ் 2.4-ஓடு வந்த கன்டெய்னர் எக்ஸ்டென்ஷன்ஸ், இஸட்14 முதல் கிடைக்கிறது. இஸட் ஓஎஸ்ஸின் ஒரு அட்ரஸ் ஸ்பேஸுக்குள் லினக்ஸை வைத்து ஓட்டுகிறார்கள். அதன் வேலையில் மிகப் பெரும் பங்கு ஜிப்புக்குத் தகுதி உள்ளது. லினக்ஸ் வேலை நிறைய இருந்தால் ஐஎஃப்எல்தான் அதற்கான இடம். டிபி2 பக்கத்திலேயே இருக்க வேண்டிய சின்ன கருவிகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

போன வருடம் ரீஆர்க், ரன்ஸ்டாட்ஸ் எல்லாவற்றையும் ஜிப்புக்கு அனுப்ப நிறைய உழைத்தோம். ரிப்போர்ட்டில் ஜிப் நேரம் அழகாக ஏறியது. ஆனால் மாதக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது?
— சிறுசேரி வாசகர்

உங்கள் உழைப்பில் தவறு இல்லை. வேலை நடந்த மணிதான் சிக்கல்.

பழைய கட்டண முறையில், மாதம் முழுக்க எவ்வளவு ஓட்டினீர்கள் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தின் சராசரியை எடுக்கிறார்கள். அந்தச் சராசரி மாதத்திலேயே எந்த இடத்தில் உச்சம் தொட்டதோ, அந்த ஒரு புள்ளிக்குத்தான் கட்டணம். மாதத்தின் 2-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரையான சிஸ்டம் தானே எழுதி வைக்கும் எஸ்எம்எஃப் ரெக்கார்டுகளை, கட்டணக் கணக்குப் போடும் எஸ்சிஆர்டி கருவியில் ஓட்டி, 9-ஆம் தேதிக்குள் ஐபிஎம்முக்கு அனுப்புவார்கள்.

உங்கள் கிளையன்ட் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய உச்சம் காலை 10 மணியிலிருந்து மதியம் 2 வரை என்று வைத்துக்கொண்டால், கோடையில் அது நமக்கு இரவு 7:30-லிருந்து 11:30. குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ரீஆர்க் ஓடியது அவர்களுடைய நடு இரவில். அங்கே பள்ளம், மேடு வேறெங்கோ இருக்கிறது. பள்ளத்தில் எவ்வளவு மண் எடுத்தாலும் மேட்டின் உயரம் குறையாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். போன ஆறு மாத எஸ்சிஆர்டி ரிப்போர்ட்டில் உச்சம் விழுந்த தேதியையும் மணியையும் மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆறு வரிதான் வரும். அந்த ஆறு நான்கு மணி நேரத்திலும் என்னென்ன ஓடியது, அதில் ஜிப்புக்குத் தகுதி உள்ளது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே யூட்டிலிட்டி இருக்காது. டிஆர்டிஏ, ஜாவா, நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பாதுகாக்கும் ஐபிசெக் குறியாக்கம் போன்றவைதான் இருக்கும். ஐபிசெக்குக்கு டிசிபி ஐபி ப்ரொஃபைலில் குளோபல்கான்ஃபிக் ஸ்டேட்மென்டில் ஜிப்பைக் குறிப்பிட்டால்தான் அது அங்கே போகும், தானாகப் போகாது. நான் பார்த்த இடங்கள் சிலவற்றில் அந்த வரி வருடக்கணக்கில் விடுபட்டிருந்தது. இதை முதலில் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. 2019-இல் வந்த டெய்லர்டு ஃபிட் முறைக்கு, அதிலும் வருட மொத்த உபயோகத்துக்குக் கட்டணம் என்ற வகைக்கு, உங்கள் கிளையன்ட் மாறினால் கணக்கே வேறு. அப்போது நடு இரவில் ஜிப்புக்கு அனுப்பிய ரீஆர்க்கும் பணத்தில் தெரியும். உங்கள் போன வருட உழைப்பு அன்றைக்குக் கைகொடுக்கும். மேனேஜரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தகுதி உள்ள வேலை உண்மையிலேயே ஜிப்பில்தான் ஓடியதா என்று எங்கே பார்ப்பது? இன்னும் ஜிப் வாங்காதவர்கள் எப்படிக் கணிப்பது?
— வாசகர், சென்னை

வாங்காதவர்களுக்கு முதலில். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஐஇஏஓபிடி மெம்பரில் ப்ராஜெக்ட்சிபியூ என்ற பாராமீட்டரை எஸ், அதாவது ஆம் என்று வையுங்கள். ஜிப்பே இல்லாமல், இருந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று சிஸ்டம் எழுதி வைக்கும்.

இருப்பவர்கள், சிஸ்டம் உபயோகத்தை அளக்கும் ஆர்எம்எஃப்பின் ஒர்க்லோடு ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டைத் திறந்து, சர்வீஸ் கிளாஸ் வாரியாக ஐஐபிசிபி என்ற வரிக்கு வாருங்கள். ஜிப்புக்குத் தகுதி இருந்தும் பொது பிராசசரில் ஓடிய நேரம் அது. தனித்தனி ஜாப் அளவில் வேண்டுமானால் எஸ்எம்எஃப் 30 ரெக்கார்டில் இருக்கிறது. அந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று பார்க்க ஓடும் வேலைகளைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப்பின் டிஏ திரை போதும். தகுதி இருப்பது ஒன்று, அங்கே போய்ச் சேர்ந்தது இன்னொன்று. ஐஐபிசிபி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடைவெளி.

ஜிப்புக்குப் போக வேண்டிய வேலை ஏன் பொது பிராசசருக்கு வழிகிறது? கல்யாண சமையலுக்கே திரும்புவோம். காய் மலையாகக் குவிந்துவிட்டால் தலைமைச் சமையல்காரரே வந்து கொஞ்சம் நறுக்கிக் கொடுப்பார். அவருக்கு இலைக் கூலி என்பதால் செலவு கூடும், ஆனால் பந்தி தாமதமாகாது. இப்படி உதவிக்கு வரலாமா என்பதைத் தீர்மானிப்பது ஐஐபிஹானர்பிரயாரிட்டி என்ற பாராமீட்டர். எஸ் என்றால் வருவார். நோ என்றால் வரமாட்டார்.

என் அனுபவம் ஒன்று. ஒரு வங்கியின் சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிவது அதிகமாக இருக்கிறது, கட்டணம் ஏறுகிறது என்று மேலே இருந்தவர்கள் அந்தப் பாராமீட்டரை நோ என்று மாற்றச் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு ஜிப் இருந்த எல்பார் அது. இரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மாதத்தின் முதல் தேதி, சம்பளம் ஏறிய நாள். அவர்களுக்குக் காலை ஒன்பதரை. அதே நேரத்தில் ஒரு ஜாவா சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். ஜாவா எழுந்து நிற்கும்போது சிபியூவை எப்படிக் குடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டிஏ திரையில் ஜிப் 100 என்று நின்றது. எண் அசையவே இல்லை. பொது பிராசசர் 58. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருபக்கம் இடம் காலியாக இருக்கிறது, மறுபக்கம் வேலை வரிசையில் நிற்கிறது. மொபைல் செயலியில் இருப்புத் தொகை பார்க்கும் டிஆர்டிஏ கோரிக்கைகள் அந்த வரிசையில் இருந்தன. சாதாரணமாகக் கண் இமைக்கும் நேரத்தில் வரும் பதில் எட்டு, ஒன்பது செகண்டாகி, அப்புறம் டைம் அவுட் ஆகத் தொடங்கியது. சம்பளம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பேருந்தில் நின்றபடி போனைத் தட்டும் ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஜிப்பும் தெரியாது, எம்எஸ்யூவும் தெரியாது. வெறும் சுழலும் வட்டம்தான் தெரியும். பாராமீட்டரை எஸ் என்று மாற்றிய புது மெம்பரைச் செட் கமாண்டில் ஏற்றினோம். அதற்கு ஐபிஎல், அதாவது சிஸ்டத்தை முதலிலிருந்து மறுபடி ஏற்றுவது, தேவையில்லை. நிமிடத்துக்குள் பொது பிராசசர் 70-ஐத் தாண்டியது, வரிசை கரைந்தது.

அன்றிலிருந்து அந்தப் பாராமீட்டரை நோ என்று வைக்க நான் சம்மதித்ததே இல்லை. டிபி2வின் ப்ரீஃபெட்ச் ஜிப்பில் ஓடுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்காகவும் எஸ்தான் சரி. வழிவது தாங்க முடியவில்லை என்றால் இன்னொரு ஜிப் வாங்குங்கள். ஆரம்பத்தில் ஒரு பொது பிராசசருக்கு ஒரு ஜிப்தான் வாங்கலாம் என்று இருந்தது. 2013-இல் அது இரண்டாக உயர்ந்தது. இஸட்13 முதல் ஒரே ஜிப் கோரில் இரண்டு த்ரெட் ஓட்டவும் முடிகிறது. ஜிப்பைப் பொது பிராசசரைப் போல 95 சதவீதம் வரை ஓட்டத் திட்டமிடாதீர்கள். ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தில் பாதியைத் தாண்டினாலே நான் வாங்கச் சொல்லத் தொடங்குவேன்.

எந்த வேலையையும், கோபோல் சிஐசிஎஸ் உட்பட, ஜிப்பில் ஓட வைக்கும் ஒரு மென்பொருள் முன்பு இருந்ததாமே? இப்போது ஏன் இல்லை?
— வாசகர், பெங்களூரு

இருந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியான் என்ற நிறுவனம் 2009-இல் இஸட்பிரைம் என்ற பெயரில் அதை வெளியிட்டது. டாஸ்க்காக ஓடும் வேலையையும் ஜிப்புக்குத் தகுதியுள்ளதாகச் சிஸ்டத்தை ஏற்க வைப்பதுதான் அதன் வேலை. தொழில்நுட்பமாக அது ஓடவும் செய்தது. ஆனால் ஜிப்பை விற்கும்போதே எந்த வேலைக்கு என்ற ஒப்பந்தத்தோடுதான் ஐபிஎம் விற்கிறது. அந்த ஒப்பந்தம் மீறப்படலாம் என்று வாடிக்கையாளர்களை அது எச்சரித்தது. அதே வருடக் கடைசியில் நியான் வழக்குப் போட்டது, அதன் பிறகு ஐபிஎம் எதிர்வழக்குப் போட்டது. 2011-இல் வழக்கு சமரசத்தில் முடிந்து, நியான் அந்த மென்பொருளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

இன்று வேறு நிறுவனங்கள் விற்கும் சார்ட், மானிட்டர், டேட்டா கருவிகள் பலவும் ஜிப்பைப் பயன்படுத்துகின்றன. அவை தங்கள் சொந்தக் கோடை எஸ்ஆர்பியாக மாற்றி எழுதி, ஐபிஎம் கொடுக்கும் முறையான வழியில் போகின்றன. உங்கள் புரோகிராமை அவை தூக்கிப்போய் ஜிப்பில் போடுவதில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்க வந்தால், ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்கும் ஆளையும் அந்த மீட்டிங்குக்குக் கூப்பிடுங்கள்.

மேடம், நான் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர். ஞாயிறு ஐபிஎல் முடிந்ததும் சாதாரண கோபோல் பேட்ச் ஒன்று ஜிப்பில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் ஓடாது என்கிறீர்கள். நான் பார்த்தது பொய்யா?
— வாசகர், வேளச்சேரி

நீங்கள் பார்த்தது உண்மை. உங்கள் மெஷின் இஸட்15 அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும்.

2019-இல் இஸட்15-ஓடு சிஸ்டம் ரெக்கவரி பூஸ்ட் என்று ஒரு வசதியை ஐபிஎம் கொடுத்தது. சிஸ்டம் ஐபிஎல் ஆனதிலிருந்து 60 நிமிடம், ஷட்டவுன் தொடங்கியதிலிருந்து 30 நிமிடம் வரை, பொது பிராசசர் வேலையையும் ஜிப் எடுத்துச் செய்யலாம். வேகம் குறைத்து வாங்கிய பொது பிராசசர்களும் அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடும். நின்ற சிஸ்டம் சீக்கிரம் எழுந்து, தேங்கிய வேலை சீக்கிரம் கரையட்டும் என்பதற்காக ஐபிஎம்மே திறந்துவிட்ட கதவு இது. இதில் ஒப்பந்த மீறல் எதுவும் இல்லை. 60 நிமிடம் முடிந்ததும் கதவு மூடிக்கொள்ளும். அதே பேட்ச் பாதி வழியில் இருந்தாலும் பொது பிராசசருக்குத் திரும்பிவிடும்.

அடுத்த ஞாயிறு ஐபிஎல்லுக்கு முன்னால் ஷெட்யூலரில் ஒரு வேலை செய்து பாருங்கள். டிபி2, சிஐசிஎஸ் எழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எந்த பேட்ச்களை விட முடியும் என்று டீம் லீடோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். சிபியூ அதிகம் குடிக்கும் பேட்ச் முன்னால் வரட்டும், டேப்புக்காகவோ ஃபைலுக்காகவோ காத்திருப்பது பின்னால் போகட்டும். எல்பாரில் ஜிப் ஆன்லைனில் இருக்கிறதா என்பதை ஐபிஎல்லுக்கு முன்பே சரிபாருங்கள். அதன் பிறகு வந்த ஆர்எம்எஃப் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.